நான்கு மடிப்புப் பையும் என் அக்காவின் வலக்கண்ணும்

2026 ஏப்ரல் 19, ஞாயிற்றுக்கிழமை, காலை மணி பத்து பதினேழு. இந்த மண்டபத்தில் போட்டிருக்கும் நாற்காலிகள் நூற்றைம்பது. அமர்ந்திருப்பவர்கள் நாற்பத்தொருவர். அதில் கைப்பேசிக்குள் குடியிருப்பவர்கள் ஆறு பேர். மேடை ஏறும்போதே எண்ணிவிட்டேன். பினாங்குத் தீவின் பாயான் லெப்பாஸ் தொழிற்பேட்டையில் மின்னணுச் சிப்புகளைச் சோதிக்கும் வேலை எனக்கு. எண்ணாமல் எதையும் தொடங்கத் தெரியாது.

இனி முறைப்படி.

இந்தச் சித்திரை விழாவுக்குத் தலைமை தாங்கி, முப்பது ஆண்டுகளாக டத்தோ கிராமாட் வட்டாரத்தின் மங்கிய கண்களுக்கெல்லாம் மூக்குக்கண்ணாடி மாட்டிவிட்ட கண்ணாடிக்கடை அப்துல் அஜீஸ் பாய் அவர்களே! முன்வரிசையை முழுதாக எடுத்துக்கொண்ட மூத்தோரே! விடியுமுன் எழுந்து நூறு பேருக்குச் சமைத்து வைத்துவிட்டு, நாற்பது பேரைப் பார்த்ததும் முகம் வாடிய அன்னையரே! மூன்றாவது வரிசையில், மின்விசிறிக்கு நேர் கீழே வீற்றிருக்கும் என்னைப் பெற்ற லெட்சுமி அம்மா அவர்களே! இங்கே வராதவர்களே! ஆம், வராதவர்களுக்கும் வணக்கம் சொல்கிறேன். என் பேச்சில் பாதிக்கு மேல் அவர்களில் ஒருவருக்குத்தான்.

என் பெயர் குகன். 'சூரிய கிரகணம்: எப்படி வருகிறது, எப்படிப் பார்ப்பது' என்று பேசச் சொன்னார்கள். பேசுகிறேன்.

என்ன அலாவுதீன் அண்ணே, பின்னாலிருந்து என்ன குரல்? "சுருக்கமா பேசுலா தம்பி, பிரியாணி ஆறிடும்" என்கிறார். ஆறட்டும் அண்ணே. சூரியனே ஆறிப்போன மாதிரி தெரிந்த ஒரு நாளைப் பற்றித்தான் பேச வந்திருக்கிறேன்.

முந்தாநாள் வெள்ளிக்கிழமை என்ன நாள்? அமாவாசை. நிலா சூரியன் இருக்கும் பக்கமாகப் போனதா? போனது. கிரகணம் வந்ததா? வரவில்லை. ஏன் வரவில்லை? இதைக் கேட்காமல் எத்தனை அமாவாசையைக் கழித்துவிட்டோம்!

நிலா நம்மைச் சுற்றும் பாதை, நாம் சூரியனைச் சுற்றும் பாதையோடு ஒட்டிக் கிடக்கவில்லை. ஐந்து பாகை சாய்ந்து கிடக்கிறது. ஆகவே பெரும்பாலான அமாவாசைகளில் நிலா சூரியனுக்குச் சற்று மேலேயோ சற்றுக் கீழேயோ விலகிப் போய்விடும். அதன் நிழல் பூமியின் மீது விழாமல் வெறும் வெளியில் விழுந்து வீணாகும். இரண்டு பாதைகளும் வெட்டிக்கொள்ளும் இடத்துக்கு அருகே அமாவாசை வாய்க்கும்போது மட்டும் சூரியன், நிலா, பூமி மூன்றும் ஒரு கோட்டில் நிற்கும். அப்போது நிலாவின் நிழல் நம்மீது விழும். அந்த நிழலுக்குள் நாம் நிற்பதுதான் கிரகணம். அவ்வளவே. பாம்பும் இல்லை, பகையும் இல்லை, பழியும் இல்லை.

இத்தனை சிறிய நிலா அத்தனை பெரிய சூரியனை எப்படி மறைக்கும்? உங்கள் மடியில் இருக்கும் தண்ணீர்ப் புட்டியின் மூடியைக் கழற்றுங்கள். ஒரு கண்ணை மூடிக்கொண்டு, மூடியை மற்றக் கண்ணுக்கு நேராகப் பிடித்து, எனக்குப் பின்னால் சுவரில் இருக்கும் அந்த வட்டக் கடிகாரத்தை மறைத்துப் பாருங்கள். மறைந்ததா? சூரியன் நிலாவைவிடக் குறுக்களவில் ஏறத்தாழ நானூறு மடங்கு பெரியது. ஏறத்தாழ நானூறு மடங்கு தொலைவிலும் இருக்கிறது. அதனால் நம் கண்ணுக்கு இரண்டும் ஒரே அளவு. இப்போது மூடியைக் கொஞ்சம் தள்ளிப் பிடியுங்கள். கடிகாரத்தின் விளிம்பு சுற்றிலும் தெரிகிறதா? நிலா நம்மிடமிருந்து விலகியிருக்கும் நாட்களில் இப்படித்தான் முழுதாக மறைக்க முடியாமல் ஓரத்தில் ஒரு நெருப்பு வளையம் மிஞ்சும். அதற்குத்தான் வளைய கிரகணம் என்று பெயர்.

குமுதா அக்கா கை தூக்குகிறார். சொல்லுங்க அக்கா.

"இல்ல தம்பி, மருமக மாசமா இருக்கா. கிரகணத்துல வெளிய வரலாமா கூடாதான்னு சும்மா தெரிஞ்சுக்கலாம்னு."

அக்கா, நம் தலைக்கு மேல் வரப்போகும் பெரிய கிரகணம் 2031இல். அந்தப் பிள்ளை அப்போது பாலர் பள்ளியில் உட்கார்ந்து உங்களைப் பாடாய்ப் படுத்திக்கொண்டிருக்கும். இருந்தாலும் பதில் சொல்கிறேன். வரலாம். நிழல் வயிற்றுக்குள் போகாது. மாசமாக இருப்பவருக்கும் இல்லாதவருக்கும் ஆபத்து ஒன்றுதான், அது கண்ணுக்கு. அந்த ஆபத்து கதையல்ல. அதைச் சொல்லத்தான் இங்கே நிற்கிறேன்.

2019 டிசம்பர் 26, வியாழக்கிழமை. கிறிஸ்துமஸுக்கு மறுநாள். ஜொகூரிலும் சிங்கப்பூரிலும் வளையம் தெரிந்த அந்த நாளில் நம் பினாங்கில் சூரியனில் சுமார் ஐந்தில் நான்கு பங்கு மறைந்தது. கோயில்களில் நடை சாத்தினார்கள். பள்ளிவாசல்களில் கிரகணத் தொழுகை நடந்தது. வீட்டுக்கு வீடு தாம்பாளத்தில் உலக்கையை நிறுத்தி, நின்ற உலக்கையைப் படம் எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பினார்கள். உலக்கை எல்லா நாளும் நிற்கும். நாம்தான் எல்லா நாளும் நிறுத்திப் பார்ப்பதில்லை. வழிபட்டவர்களை நான் குறை சொல்லவில்லை. அவரவர் நம்பிக்கை அவரவருக்கு.

எனக்கு அப்போது இருபத்துநான்கு வயது. கையில் டிப்ளோமா, வாயில் திமிர். தரச்சான்று பெற்ற கிரகணக் கண்ணாடி பத்து வாங்கி வைத்திருந்தேன். முதல் நாள் மாலை என் அக்கா ரூபினி கேட்டாள்.

"டேய், எனக்கு ஒன்னு எடுத்து வை. நாளைக்கு லஞ்ச் டைம்ல பார்க்கணும்."

உள்ளே அடுப்படியிலிருந்து அம்மா: "யாரும் எதையும் பார்க்க வேணாம். பாம்பு புடிச்ச சூரியனைப் பார்த்தா கண்ணு போயிடும்."

நான் சிரித்தேன். "அம்மா, நீங்க சொல்ற காரணம் தப்பு. சும்மா இருங்க. அக்கா, காலையில மேசை மேல வைக்கிறேன்."

வைத்தேனா? மறந்துவிட்டேன். பத்தையும் பையில் போட்டுக்கொண்டு எஸ்பிளனேட் திடலுக்குப் போய், கடற்காற்றில் நின்று, போகிறவர் வருகிறவரையெல்லாம் கூப்பிட்டேன். ஒன்பது கண்ணாடிகளை முன்பின் தெரியாதவர்களுக்குக் கொடுத்தேன். பார்த்தார்கள், 'வாவ்' என்றார்கள், கண்ணாடியோடு போய்விட்டார்கள். ஒருவர் நின்று என்னோடு மல்லுக்கட்டினார். "ஏன் தம்பி, கூலிங் கிளாஸ் போட்டுக்கிட்டா பத்தாதா? ரெண்டு போட்டுக்கிறேன்லா." அவருக்கு நான் அலைநீளம், அகச்சிவப்பு, விழித்திரை என்று வகுப்பு எடுத்துக்கொண்டிருந்தேன். நேரம் பன்னிரண்டு ஐம்பத்திரண்டு. கைப்பேசி அதிர்ந்தது.

அக்கா. அவள் கடற்பாலத்துக்கு அக்கரையில், சிம்பாங் அம்பாட் பக்கம் ஒரு தொழிற்சாலையில் நுண்ணோக்கியின் கீழே சிப்புகளைப் பார்த்துக் கீறல் கண்டுபிடிக்கும் வேலையில் இருந்தாள். பதினோரு வருட அனுபவம். முடியில் பாதி கனமுள்ள கீறலையும் பிடித்துவிடும் கண் அவளுக்கு. சாப்பாட்டு நேரத்தில் ஒரு படம் அனுப்பியிருந்தாள். நம் தொழிற்சாலைகளில் வேலை செய்கிறவர்களுக்குத் தெரியும், நிலைமின்சாரம் படாமல் சிப்பைப் போட்டு வைக்கும் அந்தச் சாம்பல் வெள்ளிப் பை. அதை வெட்டி, மடித்து, அட்டையில் ஓட்டை போட்டு ஸ்டேப்ளர் அடித்து, அழகாக ஒரு கண்ணாடி செய்திருந்தாள். கீழே எழுதியிருந்தாள்:

"கண்ணாடி வைக்க மறந்துட்டல்ல, கழுதை. நாலு மடிப்பு போட்டிருக்கேன். இது போதுமாடா?"

ஒரு மடிப்பு ஏறத்தாழப் பாதி வெளிச்சத்தை விடும். நான்கு மடிப்பு பதினாறில் ஒரு பங்கை விடும். சூரியனைப் பார்க்க முப்பதாயிரத்தில் ஒரு பங்குக்கு மேல் விடக்கூடாது. பதினாறு எங்கே, முப்பதாயிரம் எங்கே? இந்தக் கணக்கைப் போட எனக்கு ஐந்து நொடி போதும். அந்த ஐந்து நொடியை நான் கொடுக்கவில்லை. எதிரே நின்றவரை வாதத்தில் வீழ்த்தும் அவசரம் எனக்கு. கட்டைவிரலை உயர்த்திக் காட்டும் அந்தச் சின்னப் படம் இருக்கிறதே, அதைத் தட்டி அனுப்பிவிட்டு, இரண்டு கூலிங் கிளாஸ்காரருக்கு ஏன் அது போதாது என்று விளக்கப் போய்விட்டேன்.

கேட்டுக்கொள்ளுங்கள். முன்பின் தெரியாதவனின் கண்ணைக் காப்பாற்றிக்கொண்டிருந்த அதே நிமிடத்தில், என் அக்காவின் கண்ணைக் கெடுத்தேன்.

அம்மா, உட்காருங்க. எழுந்திருக்காதீங்க. பக்கத்தில் இருக்கிறவர்கள் கொஞ்சம் பிடித்து உட்கார வையுங்கள். கடைசிவரை கேளுங்க அம்மா.

ஆம், இது அவருக்கு இன்றைக்குத்தான் தெரிகிறது. ஆறு வருடம், மூன்று மாதம், இருபத்துநான்கு நாட்களாகத் தெரியாது.

அக்கா பார்த்தாள். விட்டு விட்டுப் பதினொரு நிமிடம். வலித்ததா? வலிக்கவில்லை. விழித்திரைக்கு வலி தெரியாது! கை சுட்டால் கை கத்தும், கால் சுட்டால் கால் கத்தும், கண்ணின் உள்ளே எரிந்தால் ஒரு முனகல்கூட வராது. அதுவும் ஐந்தில் நான்கு பங்கு மறைந்த சூரியன் கூசாது. பழகிய ஆளைப் போலப் பார்க்கவிடும். மிஞ்சிய ஐந்தில் ஒரு பங்கின் கொதிப்பு மட்டும் குறையவே குறையாது. சாயங்காலம் வேலைக்கு நடுவே நுண்ணோக்கியில் குனிந்தவள், நடுவில் அழுக்கு என்று நினைத்து வில்லையைத் துடைத்தாளாம். மறுபடி துடைத்தாளாம். மூன்றாவது தடவைதான் அழுக்கு கருவியில் இல்லை என்று புரிந்ததாம்.

மறுநாள் அஜீஸ் பாய் கடைக்குப் போனாள். பாய், நீங்கள் சொன்னதை அப்படியே சொல்கிறேன், தவறு இருந்தால் திருத்துங்கள். எழுத்தட்டையைக் காட்டினீர்கள்.

"என்னம்மா தெரியுது?"

"சுத்தி எல்லா எழுத்தும் தெரியுது பாய். நான் எதைப் பார்க்கிறேனோ அது மட்டும் இல்ல."

கடையைப் பாதியில் மூடிவிட்டு நீங்களே ஆஸ்பத்திரிக்குக் காரில் கூட்டிப் போனீர்கள். போகும் வழியில் கேட்டீர்கள், "அந்தப் பை போதும்னு யாரும்மா சொன்னது?" அவள் சொன்னாள்: "யாரும் சொல்லல பாய். நானாத்தான் பார்த்தேன்."

அம்மாவிடமும் அதையே சொன்னாள். நான் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தேன். வாயைத் திறக்கவில்லை.

இடது கண் ஆறு மாதத்தில் தெளிந்தது. வலது கண்ணின் நடுவில் புள்ளி நின்றுவிட்டது. பார்வைச் சோதனை வேலை போனது, பொட்டலம் கட்டும் பகுதிக்கு மாற்றினார்கள். அதுகூட அவளை முறிக்கவில்லை. பிறகு ஊர் பேசியது. கல்யாண வீடுகளில் பேசியது, காதுகுத்து வீடுகளில் பேசியது. "பார்க்காதேன்னா பார்த்தவ." "அடங்காத கண்ணு அவிஞ்சு போச்சு." சொன்னது யார் என்று பெயர் சொல்ல மாட்டேன். இந்த மண்டபத்தில்தான் இருக்கிறார்கள். இப்போது தலையைக் குனிந்தவர்கள் மூன்று பேர்.

நிமிருங்கள். உங்களைவிடப் பெரிய குற்றவாளி மைக் முன்னால் நிற்கிறான்.

அவள் விழாக்களுக்கு வருவதை நிறுத்தினாள். சிம்பாங் அம்பாட்டிலேயே அறை எடுத்துக்கொண்டாள். தீபாவளிக்கு அம்மா போய்ப் பார்த்துவிட்டு வருவார். நான் போகும்போதெல்லாம் என்ன பேசினேன் தெரியுமா? விழித்திரையில் எந்த அடுக்கு எரிந்தது, எத்தனை விழுக்காடு மீளும், எந்த ஆய்வு என்ன சொல்கிறது, இதையெல்லாம் பேசினேன். படம் வரைந்து காட்டினேன்! அவள் தேநீர் ஊற்றிக் கொடுத்து, "சரிடா, பஸ்ஸுக்கு நேரமாச்சு" என்பாள். விளக்கத்துக்குப் பஞ்சமே இல்லை. 'என் தப்பு' என்ற இரண்டு சொல்லுக்குத்தான் ஆறு வருடப் பஞ்சம்.

அம்மா கேட்கிறார்: "ஏண்டா இத்தனை வருஷம் வாயைத் தொறக்கல?"

பயம், அம்மா. நீங்கள் சொன்னது பலித்துவிட்டது என்று ஊரெல்லாம் சொன்னபோது, எனக்குத் தெரிந்த விஞ்ஞானமெல்லாம் என்னோடு சேர்ந்து தோற்றுவிட்டதாக நினைத்தேன். தோற்றது விஞ்ஞானம் அல்ல. கணக்குப் போடத் தெரிந்தும் போடாத ஒருவன் தோற்றான். அவன் மானத்தைக் காப்பாற்ற ஒரு பெண் ஊர் முன்னால் அடங்காதவள் ஆனாள்.

2020 ஜூன் 21இல் இன்னொரு கிரகணம் வந்தது. கொரோனா நடமாட்டக் கட்டுப்பாட்டுக் காலம். கார் நிறுத்துமிடத்தின் மேல்தளத்தில் நான் மட்டும். சூரியனில் ஓரமாக ஒரு சின்னக் கடி. சரியான கண்ணாடி, சரியான நேரம், சரியான கோணம், எல்லாம் சரி. 'அங்கே பார்' என்று சொல்லப் பக்கத்தில் ஆள் இல்லை. வானத்தில் நடப்பதைப் பார்த்துவிட்டுத் தரையில் யாரிடமும் சொல்ல முடியாமல் மின்தூக்கியில் இறங்குவது எப்படி இருக்கும் என்று உங்களுக்குத் தெரியுமா? எனக்குத் தெரியும். அவளுக்கு அது தினமும் தெரியும்.

ஆகவே, அன்பார்ந்தவர்களே, இதை மட்டுமாவது மனத்தில் கொண்டு வீட்டுக்குப் போங்கள்.

கூலிங் கிளாஸ் ஒன்று போட்டாலும் கூடாது, ஒன்பது போட்டாலும் கூடாது. எக்ஸ்ரே படம் கூடாது. சிடி தட்டு கூடாது. நம் தொழிற்சாலைப் பை கூடவே கூடாது, எத்தனை மடிப்பு போட்டாலும்! மஞ்சள் தண்ணீரில் நிழல் பார்ப்பதும் கூடாது, தண்ணீர் வெயிலைத் திருப்பி அடிக்கும். கிரகணக் கண்ணாடி போட்டுக்கொண்டு தொலைநோக்கியில் எட்டிப் பார்ப்பவர் கண்ணாடியையும் பொசுக்கிக் கண்ணையும் பொசுக்குவார். வளைய கிரகணத்தில் வெறுங்கண்ணால் பார்க்க ஒரு நொடிகூடக் கிடையாது. ஐ.எஸ்.ஓ. 12312-2 என்ற தரக்குறி உள்ள கண்ணாடியை நம்பிக்கையான இடத்தில் வாங்குங்கள். கீறலோ சிறு துளையோ இருந்தால் தூக்கி எறியுங்கள். போட்டுக்கொண்டு வீட்டுக்குள் பார்த்தால் ஒன்றுமே தெரியக்கூடாது. குனிந்து போட்டு, நிமிர்ந்து பார்த்து, குனிந்து கழற்றுங்கள்.

கண்ணாடி கிடைக்கவில்லையா? சூரியனுக்கு முதுகைக் காட்டி நில்லுங்கள். அடுப்படிச் சல்லடையைக் கையில் தூக்கிப் பிடியுங்கள். தரையில் விழும் அதன் நிழலில் ஒவ்வொரு ஓட்டையும் ஒரு பிறைச் சூரியனாக விழும். அன்றைக்கு எஸ்பிளனேட் மரத்தடியில் இலை இடுக்கு வழியே ஆயிரம் பிறை விழுந்து கிடந்தது. மிதித்துக்கொண்டு போனார்கள். அக்கா அந்தத் தொழிற்சாலை வாசல் மரத்தடியில் குனிந்திருந்தால் அதையே பார்த்திருப்பாள். நான் ஒரு வரி எழுதியிருந்தால் குனிந்திருப்பாள்.

2031 மே 21, புதன்கிழமை. இன்றிலிருந்து ஆயிரத்து எண்ணூற்று ஐம்பத்தெட்டு நாள். அன்றைக்குத் தென்தமிழ்நாட்டில் விழும் நிலாவின் நிழல், யாழ்ப்பாணத்தைத் தொட்டு, வங்கக் கடலைத் தாண்டி, வடக்கு மலேசியாவுக்கு வரும். நம் முன்னோர் கப்பலின் அடித்தளத்தில் வாந்தியும் வயிற்றுப்போக்குமாக நாட்கணக்கில் கடந்த கடலை, அந்த நிழல் ஒரு மதியத் தூக்க நேரத்தில் கடந்துவிடும். அன்று நீங்கள் கதவைச் சாத்திக்கொள்வீர்களா, கண்ணைத் தொலைப்பீர்களா, சரியாகப் பார்ப்பீர்களா? சரியாகப் பாருங்கள். சேர்ந்து பாருங்கள். 'இது போதுமா' என்று ஒருவர் கேட்டால், கையில் இருக்கும் வாதத்தைக் கீழே போட்டுவிட்டு, ஐந்து நொடி நின்று பதில் சொல்லுங்கள்!

தலைவர் அவர்களுக்கும், சமைத்த கைகளுக்கும், பொறுத்த காதுகளுக்கும் நன்றி. குனிந்த தலைகளுக்கும் நன்றி, அவை குனிந்ததே எனக்குத் தைரியம். உங்கள் எல்லோரின் இரண்டு கண்களுக்கும் என் வணக்கம்.

இறங்கியதும் நான் செய்யப்போவது இவை:

1. சாப்பாட்டுக்கு நிற்க மாட்டேன். அலாவுதீன் அண்ணே, என் பங்கை எடுத்துக்கொள்ளுங்கள்.

2. அந்த வாட்ஸ்அப் படத்தையும், அதன் கீழே இருக்கும் என் கட்டைவிரலையும் அம்மாவிடம் காட்டுவேன். மூன்று கைப்பேசி மாற்றியும் அழிக்காமல் வைத்திருக்கிறேன்.

3. அம்மா "நானும் வரேன்" என்கிறார். நீங்கள் நாளைக்குப் போங்கள் அம்மா. தப்பு அவள் மேல்தான் என்று நீங்களும் நம்பினீர்கள், உங்களுக்கும் அவளிடம் சொல்ல ஒன்று இருக்கிறது. இன்றைக்கு நான் மட்டும்.

4. பாலத்தைத் தாண்டிச் சிம்பாங் அம்பாட் போவேன். பஸ்ஸில் போனால் வழியெல்லாம் பேச்சைத் தயார் செய்வேன். அதனால் மோட்டார் சைக்கிளில் போவேன்.

5. அவள் கதவைத் திறந்தால், வலப்பக்கம் நிற்காமல் இடப்பக்கம் நிற்பேன், என் முகம் அவளுக்கு முழுதாகத் தெரியும்படி. 'என் தப்பு, அக்கா' என்பேன். அதற்குமேல் ஒரு சொல் விளக்கமும் சொல்ல மாட்டேன்.

6. திறக்காவிட்டால், வாசலில் உட்கார்ந்திருப்பேன்.